பதினாறாம் நம்பர் ஜெர்சி

அன்று கோத்தகிரியில் நல்ல வெயில்.
எதிர்மலைத் தேயிலையின் வரிகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.
மைதானத்துச் சேறு காய்ந்து
ஓடு ஓடாய்ப் பெயர்ந்து கிடந்தது.

யோகமலர் இடப்பக்கம் பாய்ந்தாள்.
பந்து வெளியே போனது.
தலை கம்பத்தில் பட்ட சத்தம்
காலி சிலிண்டரை விரலால் சுண்டியது போல,
அவ்வளவு சின்னது.
எழுந்துவிட்டாள்.
கைதட்டினார்கள். நானும்.

நான் பதினாறாம் நம்பர். மாற்று கோல்கீப்பர்.
மூன்று வருடமாக
அவளுடைய தண்ணீர் பாட்டிலுக்குக் காவல்.

பாட்டிலுக்குக் கை நீட்டியவள்
"ஸ்கோர் என்ன?" என்றாள்.
ரெண்டுக்கு ஒண்ணு, நாமதான் முன்னாடி.
தலையாட்டினாள். குடித்தாள். மூடினாள்.
"ஸ்கோர் என்ன?"
கட்டியிருந்த லேஸை அவிழ்த்து
மறுபடி கட்டினாள், பொறுமையாக,
அதற்காகவே வந்தவள் போல.
பிறகு சொன்னாள்:
"மிஸ்ட் எறங்கிருச்சுல்ல. பந்தே தெரியல."

நிமிர்ந்து பார்த்தேன்.
வானத்தில் நூலளவு மேகம் இல்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
எனக்குத் தெரிந்துவிட்டது.
தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன்.
"யோகாவுக்கு என்னமோ ஆயிருச்சு மிஸ்" என்றால்
"என்னை எறக்குங்க" என்றுதான் கேட்கும்,
பெர்லின் மிஸ்ஸுக்கு, பெஞ்சுக்கு,
எல்லாருக்கும் முன்னால் எனக்கு.
இது அக்கறையா ஆசையா என்று
அரிசியில் கல் பொறுக்குவது போல்
பொறுக்கிக்கொண்டிருந்தேன்
பத்து நிமிடம்.

அதற்குள் ஒரு கார்னர்.
எல்லாத் தலைகளும் ஒரே இடத்துக்கு எழும்பின.
அவள் தலையும்.
யாரும் அவளைத் தொடவில்லை.
தொடவில்லை என்பது என் சாமர்த்தியம் அல்ல.

அப்புறம்தான் ஓடினேன்,
கோட்டைத் தாண்டி, யாரையும் கேட்காமல்.
மஞ்சள் அட்டை கொடுத்தார் ரெஃப்ரி.
பெர்லின் மிஸ் ஒரே கேள்வி கேட்டார்:
"இன்னிக்கு யார்கூட மேட்ச், யோகா?"
சிரித்துக்கொண்டே
போன வருடத்துப் பள்ளியின் பெயரைச் சொன்னாள்.

க்ளவுஸைக் கழற்ற விடாமல்
விரல்களை மடக்கிக்கொண்டாள்.
"ஃபைனல் மிஸ். பன்னெண்டு நிமிஷம்தானே."
"இல்ல. இன்னிக்கு இனி இல்ல."
கோப்பையை அங்கேயே விட்டுவிட்டு
அவளோடு ஜீப்பில் ஏறினார் மிஸ்.

அவள் வியர்வை காயாத க்ளவுஸுக்குள் என் கை.
மூன்று கோல் விட்டேன்.

கட்டபெட்டு தாண்டி வாந்தியாம்.
"வளைவு ரோடு, எல்லாருக்கும் வர்றதுதான்"
என்றாராம் டிரைவர் போஜன்.
"தினம் இதே ரோட்டுல பஸ்ஸுல நின்னுக்கிட்டே
பன் தின்னுட்டு வர்றவ இவ. வேகமா போங்க,
ஆனா குலுக்காதீங்க."

குன்னூர் டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து
இதில் ஒன்றும் இல்லை என்றார்.
அதற்காக ஒன்றும் ஆகவில்லை
என்று நினைத்துவிடாதீர்கள் என்றார்.

லயன் வீட்டு ஜன்னலில் போர்வை தொங்கியது.
ஃபேக்டரி சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டாள்.
பருப்பு தாளிக்கும் வாசனைக்கு அழுதாளாம்.
"ஒரு கீறல்கூட இல்லையே,
எதுக்குப் படுத்துக் கெடக்கா?"
என்று அவள் அப்பா என்னைக் கேட்டார்.
கட்டு இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

இருபத்திரண்டாம் நாள் மைதானத்தைச் சுற்றி நடந்தாள்.
மறுவாரம் மெல்ல ஓடினாள்.
பந்தைக் காலால் மட்டும்.
தலைவலி வந்த அன்று
ஒரு படி பின்னால் போய் மறுபடி நடந்தாள்,
என்னைத் திட்டிக்கொண்டே.

அந்த மேட்ச் அவளிடம் இல்லை.
பஸ்ஸில் ஏறியதோடு அறுந்துவிட்டது.
அடிக்கடி என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள்.
பாய்ந்ததை, லேஸை, மஞ்சள் அட்டையைச் சொல்கிறேன்.
"அடிபட்ட ஒடனே நீதான ஓடி வந்த?"
ஆமா என்கிறேன்.

இன்று பிராக்டிஸ் நடுவில்
சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாய் விழுங்கிக்கொண்டு
பள்ளத்திலிருந்து ஏறி வந்தது.
எதிர் கோல் போஸ்ட் மறைந்தது.
கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"ஏய், மிஸ்ட் இருக்குல்ல?"

இருக்கு என்றேன்,
அவள் கேட்டு முடிப்பதற்குள்.